ஆஷ் மரம், விதையிலிருந்து போன்சாய்: முளைக்க வைப்பதும் வடிவமும்

மழைத்துளி_லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டு மட்டும் போகிற ஆளாக இருந்தேன். இன்றைக்குக் கேள்வியோடு வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில், லெஸ்டரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக வரிசையாக ஆஷ் மரங்கள் நிற்கின்றன. இலை எல்லாம் கொட்டிய பிறகும் சிறகு விதைகள் மட்டும் பழுப்புக் கொத்துகளாகத் தொங்குகின்றன. காற்றடித்தால் எங்கள் பின்கட்டு முழுக்க அதுதான். அதை எடுத்து முளைக்க வைத்துப் போன்சாயாக வளர்க்க ஆசை. கடையில் வாங்கிய சைனீஸ் எல்ம் போன்சாய் ஒன்று இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது யாரோ வளர்த்துக் கொடுத்தது. முதல் இலையிலிருந்து என் கையில் வளர்ந்த மரம் ஒன்று வேண்டும்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். விதை ஒன்றரை வருடம் தூங்கும் என்கிறார்கள். இலை முழ நீளம், போன்சாய்க்கு ஆகாது என்கிறார்கள். போதாக்குறைக்கு ஆஷ் மரங்களையே அழிக்கிற நோய் வேறு. இவ்வளவுக்குப் பிறகும் இதில் இறங்கலாமா? இறங்கினால் எங்கே தொடங்குவது?

வேர்ப்பித்தன்

இறங்கலாம். ஆனால் எதற்காக என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். கோடையில் பச்சைப்பசேலென்று பார்க்க ஒரு சின்ன மரம் வேண்டுமென்றால் ஆஷ் வேண்டாம், உங்கள் எல்மே போதும். ஆஷ் குளிர்காலத்து மரம். இங்கிலாந்தில் கடைசியாகத் துளிர்ப்பதும் முதல் ஆளாகக் கொட்டுவதும் அதுதான். சில வருடம் மே பாதி வரைகூட மொட்டையாக நிற்கும். அந்த அரை வருடத்தில் கண்ணுக்குத் தெரிவது அடிமரமும் கிளை ஓடுகிற போக்கும் கறுப்பு மொட்டும் மட்டும்தான். அதற்காகத்தான் இதை வளர்க்கிறோம். மீதியெல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

விதை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே தானாக வளர்கிற ஆஷ், ஃப்ராக்சினஸ் எக்ஸெல்சியர். அதன் விதை மரத்திலிருந்து விழும்போது உள்ளே இருக்கும் கரு முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. ஈரமும் மிதமான சூடும் சேர்ந்து கிடைத்தால்தான் விதைக்குள்ளேயே அது நீளும். நீண்டுவிட்டால் மட்டும் முளைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை, அதற்கப்புறம் ஒரு நீண்ட குளிர் வேண்டும். இலையுதிர் காலத்தில் விழுகிற விதைக்கு முதலில் கிடைப்பது குளிர், அதனால் பயனில்லை. அடுத்த கோடையில் கரு வளர்கிறது, அடுத்த குளிரைத் தாண்டுகிறது, அதற்கும் அடுத்த வசந்தத்தில் எட்டிப் பார்க்கிறது. நீங்கள் படித்த ஒன்றரை வருடக் கணக்கு இதுதான்.

இதை வீட்டில் கொஞ்சம் சுருக்கலாம். ஈர மணலும் தென்னைநார்த் தூளும் பாதிக்குப் பாதி கலந்து, கையால் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தில், விதையைச் சேர்த்து ஒரு பையில் போடுங்கள். 15 டிகிரி அளவில் இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். ஹீட்டர் போடாத அறை சரியாக இருக்கும். பிறகு ஃப்ரிட்ஜில் 3, 4 டிகிரியில் மூன்று நான்கு மாதம். இடையிடையே பையைத் திறந்து காற்றுப் படவிடுங்கள், பூஞ்சை பிடித்ததை எடுத்து எறியுங்கள். வெள்ளை வேர்முனை தெரிந்ததும் விதைத்துவிடலாம்.

ஒன்று கவனம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ‘சீக்கிரம் முளைக்கட்டும்’ என்று ஹீட்டர் பக்கத்து ஜன்னலில் வைக்காதீர்கள். திடீர் சூடு பட்டால் விதை மறுபடி உறக்கத்துக்குப் போய்விடும். வெளியே, நிழலில், ஊர்க் குளிரிலேயே முளைக்கட்டும்.

இன்னொரு வழி, விதை பச்சையாக இருக்கும்போதே, ஆகஸ்ட் வாக்கில், பறித்து உடனே விதைப்பது. கொஞ்சமும் காயக் கூடாது. மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போதே உள்ளே போவதால் அடுத்த வசந்தத்திலேயே ஒரு பகுதி முளைக்க வாய்ப்புண்டு. எல்லாம் வராது.

பறித்ததும் இரண்டு மூன்று விதைகளை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் நல்ல விதை. ஆஷ் விதைக்குள் குடியிருக்கிற ஒரு சின்னப் புழு உண்டு. சில மரங்களில் கொத்துக்கொத்தாக விதை இருக்கும், கீறினால் தூள்தான் கொட்டும்.

கோவைப்புளி

நல்ல இழை. நான் கோயம்புத்தூரில் புளியும் இச்சியும் வைத்துப் போன்சாய் பண்ணுகிறவன். ஆஷ் மரத்தை நேரில் பார்த்ததில்லை, ஆனால் படத்தில் இலையைப் பார்த்தால் எங்கள் ஊர் மரம் ஏதோ ஒன்றின் சாயல் தெரிகிறது. எதிரெதிராக இலை விடுவது மல்லிகையில் பார்த்த மாதிரியே இருக்கிறது. ஏதாவது சொந்தமா? எங்கள் வெயிலில் இது வருமா?

வேர்ப்பித்தன்

சொந்தம்தான் ஐயா. மல்லிகை, பவளமல்லி, ஆலிவ், ஆஷ் எல்லாம் ஒரே குடும்பம். நீங்கள் கவனித்த எதிரெதிர் இலை அந்தக் குடும்பத்தில் பரவலாக வருவது. அந்த ஒரு குணத்தால் ஆஷ் போன்சாயில் எவ்வளவு தலைவலி என்று பின்னால் வடிவம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கோவையில் இந்த ஆஷ் வராது. இலை கொட்டித் தூங்க அதற்குக் குளிர்காலம் வேண்டும். ஆனால் ஃப்ராக்சினஸ் கிரிஃபிதி என்று பசுமை மாறாத ஒரு ஆஷ் உண்டு. தைவான், பிலிப்பைன்ஸ், ஜாவா பக்கத்து மரம். ஜப்பானில் வீட்டு வாசலில் நடுவார்கள், சின்னத் தொட்டியிலும் வளர்ப்பார்கள். சிற்றிலைகள் சிறியவை, பளபளப்பானவை. ஆஷ் இனத்தில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் அதைத் தேடிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விதை வரவழைப்பதென்றால் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் செய்யாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், புளியைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு ஏங்கத் தேவையே இல்லை.

யாழ்ப்பனை

லண்டன் ஹாரோவிலிருந்து எழுதுகிறேன். வேர்ப்பித்தன் அண்ணை சொன்ன விதைப் பாடம் எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை, ஏன் இந்தப் பாடு? ஆஷ் மரத்துக்குக் கீழே, மழைநீர்க் குழாய் இடுக்கில், கராஜ் ஓரத்து வெடிப்பில், நடைபாதைக் கல்லுக்கு நடுவில் என்று இந்த நாட்டில் ஆஷ் கன்று முளைக்காத இடம் இல்லை. எங்கட பின்வளவில் நான் களையாகப் பிடுங்கி எறிகிறேன். ஏப்ரலில் ஒரு சின்னக் கரண்டியோடு போனால் ஃப்ரிட்ஜும் வேண்டாம், ஒன்றரை வருடமும் வேண்டாம்.

அடுத்தது, ஆஷ் தடித்த குச்சிகள் விடுகிற மரம். நுனிக் கிளை மெல்லியதாகவே வராது. இந்த ஊர்க் காலநிலைக்கு ஹார்ன்பீம் இருக்கிறது, ஃபீல்ட் மேப்பிள் இருக்கிறது. இரண்டும் சொன்ன சொல் கேட்கும், இலையும் சிறுக்கும். புதிதாகத் தொடங்குகிற தங்கச்சிக்கு ஆஷைக் கையில் கொடுப்பது நல்ல யோசனை இல்லை என்பது என் கருத்து.

மழைத்துளி_லெஸ்டர்

யாழ்ப்பனை அண்ணா, கன்று எடுப்பது பற்றி நானும் யோசித்தேன். கால்வாய் ஓரத்தில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அது என் நிலம் இல்லையே, எடுக்கலாமா? அப்புறம், விதையிலிருந்து வளர்த்தால் வேறு ஏதாவது லாபம் உண்டா, அல்லது வெறும் ஆசைதானா?

வேர்ப்பித்தன்

முதல் கேள்விக்கு: எடுக்கக் கூடாது. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டப்படி குற்றம். உங்கள் பின்கட்டில் முளைத்தது உங்களுடையது.

இரண்டாவதற்கு: லாபம் வேரில் இருக்கிறது. வெடிப்பில் முளைத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும். மேலே விரல் அளவு, கீழே ஒரே ஆணிவேர், அதுவும் கல்லுக்கு நடுவே கோணல்மாணலாக. போன்சாயில் அடிமரம் மண்ணைத் தொடுகிற இடத்தில் வேர்கள் நாலாபக்கமும் பிரிந்து ஓட வேண்டும். அதை முதல் இரண்டு வருடத்தில் அமைத்தால்தான் உண்டு. முளைத்த முதல் குளிர்காலம் முடிந்து, மொட்டு வெடிக்கும் முன், கன்றை எடுத்து ஆணிவேரை அடித்தண்டுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை விட்டு வெட்டிவிடுங்கள். பக்கவாட்டு வேர்களை விரித்து, கீழே ஒரு உடைந்த ஓட்டுத் துண்டை வைத்து அதன் மேல் நடுங்கள். கீழே போக வழியில்லாமல் வேர் பக்கவாட்டில் ஓடும். ஆஷ் இதைத் தாங்கும், வேர் விடுவதில் அது சோம்பேறி இல்லை.

முளையைப் பார்ப்பதே ஒரு சுகம், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நீளமாக, ஒடுங்கின இரண்டு விதையிலை. பார்த்தால் ஆஷ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்து வரும் ஜோடி தனி இலை, ஓரத்தில் பல்பல்லாக இருக்கும். அதற்கடுத்த ஜோடியில் மூன்று சிற்றிலை. அப்புறம் ஐந்து, ஏழு என்று ஏறி, பெரிய மரத்தில் 9 முதல் 13 வரை போகும். பிறந்த முதல் கோடையிலேயே ஒரு சின்னக் கன்று இத்தனை வேஷம் போடுவதைப் பார்க்க விதை போட்டவருக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

ஹார்ன்பீம் சுலபம் என்பதை நான் மறுக்கவில்லை தம்பி. ஆனால் அவர் கேட்டது ஆஷ்.

யாழ்ப்பனை

வேர்க் கதையை ஒத்துக்கொள்கிறேன். வளவு கன்றுகளில் ஆணிவேர் பெரிய கரைச்சல்தான்.

டொரண்டோகாரன்

ஸ்கார்பரோவிலிருந்து. இங்கே யாராவது இந்த இழையைப் படித்து ஆர்வமானால் என்று எழுதுகிறேன். கனடாவில், அமெரிக்காவில் ஆஷுக்கு எமன் வேறு. எமரால்டு ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து வந்தது. 2002இல் டெட்ராய்ட்டிலும் இந்தப் பக்கம் வின்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள், 2007இல் டொரண்டோவில். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும், மரத்துக்கு மேலே தண்ணீரும் சத்தும் போகிற வழி அடைபட்டுவிடும். கோடிக்கணக்கில் மரம் போயிற்று. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நிழலாக நின்ற ஆஷ் மரங்களை மாநகராட்சி ஒவ்வொன்றாக வெட்டியது.

போன்சாய்க்கு இதில் ஒரு ஆறுதல். வண்டு பொதுவாக ஓர் அங்குலத் தண்டுக்கு மேலேதான் குறிவைக்கும், கன்றுகள் தப்பும். தண்டு பருத்தால் கோடையில் மெல்லிய வலை போட்டு மூடிக்கொள்ளலாம். பட்டையில் ஒரு பக்கம் தட்டையான அரைவட்டத் துளை தெரிந்தால் வண்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம்.

எதுவாக இருந்தாலும் ஆஷ் கன்றையோ விறகையோ வண்டியில் போட்டு ஊர் விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். கனடாவில் கட்டுப்பாட்டு எல்லைகள் இருக்கின்றன, அபராதமும் உண்டு. காட்டேஜுக்கு, அதாவது விடுமுறை வீட்டுக்கு, போகிறவர்கள் விறகை அங்கேயே வாங்குங்கள்.

மரமேறி

வேல்ஸில் மரம் வெட்டுகிற வேலை. கயிறு கட்டி ஏறி வெட்டுவேன். கடந்த சில வருடமாக நான் இறக்குகிற மரங்களில் பெரும்பங்கு ஆஷ். அதனால் நோய் பற்றி நான் சொல்வது சரியாக இருக்கும்.

டைபேக் என்று பொதுவாகச் சொல்கிற இது ஒரு பூஞ்சை. கிழக்காசியாவில் மஞ்சூரியன் ஆஷில் பெரிய கெடுதல் செய்யாமல் வாழ்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் 1992 வாக்கில் போலந்தில் மரங்கள் காய்வதைக் கவனித்தார்கள். பிரிட்டனில் 2012இல், முதலில் பக்கிங்ஹாம்ஷையரில் ஒரு நாற்றங்காலில் இறக்குமதிக் கன்றுகளில், பிறகு நார்ஃபோக் காட்டில். அந்த அக்டோபர் கடைசியிலேயே ஆஷ் கன்று, விதை எல்லாவற்றின் இறக்குமதியையும் நடமாட்டத்தையும் தடை செய்தார்கள். அதனால் மழைத்துளி, விதை கடையிலோ இணையத்திலோ வாங்க வேண்டாம். உங்கள் வீட்டருகே எடுத்து உங்கள் தோட்டத்திலேயே வளருங்கள். மரத்தை வேறு ஊருக்கு மாற்றவோ விற்கவோ நினைத்தால் முதலில் அரசின் தாவர நலப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது போன்சாய்க்காரர்களுக்கு வேண்டிய பகுதி. பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது முக்கியமாகக் கீழே விழுந்த இலைக்காம்புகளில். ஆஷ் இலை உதிர்ந்ததும் சிற்றிலை மக்கிவிடும், நடுக்காம்பு மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காம்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள், அதிலிருந்து வெள்ளையாகக் குட்டிக் குட்டிக் காளான்கள் கிளம்பியிருக்கும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். பூஞ்சையின் வித்து கிளம்புவது அங்கிருந்து. காற்றில் போய் இலையில் உட்கார்ந்து, காம்பு வழியாகக் குச்சிக்குள் இறங்கும். குச்சி காய்ந்து, அது தண்டோடு சேருகிற இடத்தில் இரண்டு முனையும் கூம்பின பழுப்புத் தழும்பு விழுந்தால் அதுதான்.

காட்டில் இதை யாராலும் கூட்டிப் பெருக்க முடியாது. உங்களால் முடியும். ஒரு தொட்டி மரம் எவ்வளவு இலை கொட்டப்போகிறது? காம்பு ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பக்கத்துப் பெரிய மரத்திலிருந்து வித்து வருவதைத் தடுக்க முடியாது, ஆனால் மரத்தைத் தரையில் வைக்காமல் பெஞ்சில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த குச்சியைத் தழும்புக்குக் கீழே நல்ல கட்டை தெரியும் வரை வெட்டுங்கள்.

மழைத்துளி_லெஸ்டர்

நன்றி மரமேறி அண்ணா, பயமும் வந்தது, தெளிவும் வந்தது. அப்படியானால் எந்த மரத்து விதை என்பது முக்கியமா? கால்வாய் ஓரத்தில் சில மரங்கள் உச்சி காய்ந்து நிற்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன.

மரமேறி

ரொம்ப முக்கியம். இந்த நோயைத் தாங்குகிற குணம் பரம்பரையாக இறங்குகிறது என்று டென்மார்க்கில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். 2025இல் கியூ தாவரவியல் பூங்காவும் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சரே மாவட்டத்தில் மார்டன் பார்க் என்று ஒரு காடு. அங்கே பெரிய மரங்களையும் அவற்றுக்குக் கீழே தானாக முளைத்த இளங்கன்றுகளையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். இளசுகளிடம் தாங்கும் தன்மை கூடியிருந்தது. ஒரு பெரிய மாற்றம் அல்ல, பல மரபணுக்களில் சிறுசிறு நகர்வாக. பலவீனமான கன்றுகள் செத்துப்போக, தாங்குவது நிற்கிறது. நட்டு வளர்த்த கன்றில் இது நடக்காது, விதை போட்டு முளைப்பதில்தான் நடக்கும்.

அதனால் சுற்றிலும் மற்ற மரம் காய்ந்து நிற்க, ஜூலையில் தலை நிறைய இலையோடு நிற்கிற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மொட்டையாக இருக்கும்போது தெரியாது, கோடையில் படம் எடுத்து வையுங்கள். நல்ல மரம் கண்ணில் பட்டாலும் எல்லா மரமும் விதை விடாது. ஆண் பூ மட்டும் பூக்கிற மரமும் உண்டு, ஒரு வருடம் காய்த்து ஒரு வருடம் சும்மா இருப்பதும் உண்டு. கியூவின் வேக்ஹர்ஸ்ட் விதை வங்கி 2013இல் நாடு முழுக்க மர விதை சேகரிக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்ததே ஆஷ் விதைதான்.

யாழ்ப்பனை

இது நல்ல விஷயம். என்னுடைய ‘ஏன் விதை?’ கேள்விக்கு வேரைவிட இது பெரிய பதில்.

சரி, வடிவத்துக்கு வாருங்கள் அண்ணை. இந்த எதிரெதிர் மொட்டை வைத்துக்கொண்டு எப்படி மரம் செய்வது? நுனியை வெட்டினால் இரண்டும் கிளம்பி ‘ஒய்’ போல நிற்கிறது. மறுபடி வெட்டினால் மறுபடி இரண்டு. கம்பி கட்டினால் குச்சி பட்டென்று முறிகிறது.

வேர்ப்பித்தன்

இதற்குத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் தண்டு. தொட்டியிலேயே வைத்திருந்தால் ஆஷ் தண்டு பருக்காது, பத்து வருடம் போனாலும் பேனாத் தடிமன்தான். வேரை ஒழுங்கு செய்த கையோடு நிலத்தில் இறக்குங்கள், ஓட்டோடு சேர்த்து. நல்ல மண் கிடைத்தால் ஒரே கோடையில் இடுப்பு உயரம் பாயும். சுண்ணாம்பு கலந்த மண்ணென்றால் இதற்குக் கொண்டாட்டம். லண்டன் பக்கத்துக் கடினத் தண்ணீரைப் பற்றி மற்ற மரக்காரர்கள் புலம்புவார்கள், ஆஷுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடியில் வரும் கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் ஓடவிடுங்கள், அடி பருப்பது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வசந்தத் தொடக்கத்தில் மண்வெட்டியால் சுற்றி வேரை வெட்டிவிடுங்கள். வேண்டிய பருமன் வந்ததும், மொட்டு வெடிக்கும் முன், தண்டைத் தைரியமாக அடியில் வெட்டலாம். ஆஷ் வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம். சஃபோக்கில் பிராட்ஃபீல்ட் காட்டில் ஆயிரம் வருடமாக அடியோடு வெட்டி வெட்டித் துளிர்க்க விட்ட ஒரு ஆஷ் அடிக்கட்டை இருக்கிறது என்றால் பாருங்கள்.

இப்போது மொட்டு. ஒரு குளிர்காலக் குச்சியைக் கையில் எடுங்கள். சாம்பல் கலந்த ஆலிவ் பச்சை, கணு இருக்கிற இடத்தில் மட்டும் அமுக்கிவிட்டது போலத் தட்டை. நுனியில் ஒரு பெரிய மொட்டு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன மொட்டு, மூன்றும் அணைந்த தீக்குச்சி முனை மாதிரி மங்கிய கறுப்பு. கீழே இறங்கினால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு ஜோடி. ஒரு ஜோடி இடம்வலமாக இருந்தால் அடுத்த ஜோடி மேல்கீழாக இருக்கும். வடிவம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

யாழ்ப்பனை சொன்ன ‘ஒய்’ வருவது இரண்டு மொட்டையும் விட்டுவைப்பதால். கிளையில் இடம்வலமாக இருக்கிற ஜோடிக்கு மேலே வெட்டி, அதில் ஒன்றை மட்டும் கட்டைவிரலால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மீந்தது ஒரு பக்கமாகத் திரும்பி ஓடும். அடுத்த வருடம் எதிர்ப்பக்க மொட்டை விடுங்கள். கிளை தானாக வளைந்து வளைந்து போகும், கம்பியே வேண்டாம். தெற்குச் சீனத்தில் லிங்னான் என்கிற தொட்டிமர மரபுக்காரர்கள் செய்வது இதைத்தான், வளரவிட்டு வெட்டி, வளரவிட்டு வெட்டி. தடித்த குச்சி விடுகிற மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

தண்டிலும் இப்படித்தான். ஒரே உயரத்தில் எதிரெதிராக இரண்டு கிளையை வைத்தால் சிலுவை போல நிற்கும், அந்த இடத்தில் தண்டும் வீங்கும். ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். பச்சையாக இருக்கும்போதே எடுங்கள்.

கம்பி கட்ட வேண்டுமென்றால் ஜூன் மாதம், குச்சி இன்னும் பச்சையாக இருக்கும்போது. முற்றிய ஆஷ் குச்சி வளையாது. கிரிக்கெட் ஸ்டம்பும் கோடாரிப் பிடியும் செய்கிற கட்டை இது, அடியைத் தாங்கும், உங்கள் இஷ்டத்துக்கு வளையாது. இளம்பட்டை வழுவழுப்பானது, கம்பி பதிந்தால் தடம் போக வருடக்கணக்காகும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

குச்சி மெல்லியதாக வர ஒரு வழி: முதிர்ந்த மரத்தில், மே மாதம் நுனி மொட்டு வெடிக்கும்போது முதல் ஜோடி இலையை மட்டும் விட்டு நடுக்குருத்தைக் கிள்ளுங்கள். ஆஷ் மே, ஜூனில் ஒரே பாய்ச்சலாக வளர்ந்துவிட்டுக் கடையைக் கட்டிவிடுகிற மரம். அந்தப் பாய்ச்சலைத் தொடக்கத்திலேயே பிடித்தால்தான் கணுவிடை சுருங்கும். வளர்கிற மரத்தில் இதைச் செய்யாதீர்கள், பருக்காது.

என்ன உருவம்? பைன் மரத்து முக்கோணத்தையோ ஜப்பான் மேப்பிளின் அடுக்குகளையோ இதன் தலையில் கட்டாதீர்கள். வெளியே போய் ஒரு வயதான ஆஷைப் பாருங்கள். கீழ்க்கிளைகள் பாரத்தில் கீழே இறங்கி, நுனியில் மறுபடி மேலே திரும்பும். அந்த ஒரு திருப்பம் வந்துவிட்டால் நூறு மரத்தில் வைத்தாலும் ஆஷ் என்று சொல்லிவிடலாம். லேக் டிஸ்ட்ரிக்டில் பாரோடேல் பக்கம் கால்நடைத் தீவனத்துக்காகத் தலை வெட்டி வெட்டி வளர்த்த ஆஷ் மரங்கள் நிற்கின்றன. குட்டைத் தண்டு, உள்ளே பொந்து, மேலே நேர்க்குச்சிகள். அதுவும் நல்ல மாதிரி. இல்லையென்றால் அடியோடு வெட்டி ஒரே வேரிலிருந்து ஐந்தாறு தண்டு. தடித்த குச்சியும் பெரிய இலையும் இந்த உருவங்களில் உறுத்தாது. அளவையும் சின்னதாக்க வேண்டாம், அரை மீட்டர் உயரமாவது விடுங்கள்.

கோவைப்புளி

அருமையான விளக்கம் ஐயா. மொட்டை ஒருபக்கமாகத் தேய்ப்பதை நான் செய்து பார்க்கப் போவது எதில் தெரியுமா, பவளமல்லியில். அதுவும் எதிரெதிர்தான்.

புளியில் நாங்கள் இலையை முழுக்க உருவிவிடுவோம், புது இலை சின்னதாக வரும். ஆஷில் செய்யலாமா?

வேர்ப்பித்தன்

முழுக்க உருவ வேண்டாம். உங்கள் ஊரில் வருடம் முழுக்க வளர்ச்சி உண்டு, புளி திரும்பப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு பாய்ச்சல்தான். அதில் வந்த இலையை எடுத்துவிட்டால் மரம் குளிர்காலத்துக்கு வேண்டியதைச் சேர்க்க முடியாமல் போகும், நோய் இருக்கிற காலத்தில் அது வம்பு. பதிலாக ஜூன் கடைசியில் ஒவ்வொரு கூட்டிலையையும் பாதியாகக் கத்தரித்து, அடியில் உள்ள இரண்டு ஜோடிச் சிற்றிலையை மட்டும் விடுங்கள். உள்ளே வெளிச்சம் போகும், பார்க்கவும் அளவாக இருக்கும். வேர் தொட்டியில் நெருங்க நெருங்க இலை கொஞ்சம் சிறுக்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

மழைத்துளி_லெஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். நன்றாக இருக்கிற மரங்களில் இப்போதே கொஞ்சம் விதை எடுத்துப் பையில் போடுகிறேன், கோடையில் மரங்களைச் சரிபார்த்து ஆகஸ்டில் பச்சை விதையும் எடுக்கிறேன். கடைசியாக இரண்டு சின்னக் கேள்வி. விதைக்க என்ன மண்? பனிக்காலத்தில் கன்றுகளை வீட்டுக்குள் எடுக்கலாமா?

யாழ்ப்பனை

மண்ணுக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. விதைக்கச் சாதாரணக் கம்போஸ்டும் சின்னக் கல்மணலும் பாதிக்குப் பாதி போதும். பின்னால் தொட்டிக்கு மாற்றும்போது அகடாமா என்கிற ஜப்பான் போன்சாய் மண்ணை வாங்கிக் காசைக் கரைக்கத் தேவையில்லை, மோலர் களிமண்ணில் செய்த பூனை மணல் நன்றாக வேலை செய்கிறது. தண்ணீர் பட்டால் கட்டியாகிற வகையை மட்டும் வாங்காதீர்கள். ஒரு பிடியைத் தண்ணீரில் ஊறவிட்டு, ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள். கரைந்து சேறானால் ஆகாது. தொட்டிக்குப் போன பிறகு கோடையில் தண்ணீரை மறக்காதீர்கள், ஆஷ் நிறையக் குடிக்கும்.

வேர்ப்பித்தன்

வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். குளிர் அதற்கு உணவு மாதிரி அவசியம். கடும் உறைபனி நாட்களில் தொட்டியை மண்ணில் புதைத்தோ ஹீட்டர் இல்லாத கராஜில் வைத்தோ வேரைக் காப்பாற்றினால் போதும், மேலே எவ்வளவு உறைந்தாலும் கவலை இல்லை.

பையின் மேல் எந்த மரம், எந்த மாதம் என்று பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பேனா மை ஃப்ரிட்ஜ் ஈரத்தில் அழிந்துவிடும். முளைத்ததும் முதல் எதிரி பூஞ்சை அல்ல, நத்தை. ஒரு ராத்திரியில் விதையிலை இரண்டையும் தின்றுவிட்டுப் போய்விடும். விதைத் தட்டை உயரத்தில் வையுங்கள்.

மரமேறி

அணிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டின் மேல் கோழி வலை ஒன்று போட்டுவிடுங்கள், விதை உள்ளே இருக்கிற வரை.